மனித உரிமை ஆணையத்துக்கு மனு போட்டா நிஜமாவே ஏதாவது நடக்குமா?

செல்வா_விழுப்புரம்:

வணக்கம் மக்களே. இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், கேள்வி போடுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் சித்தப்பா பையன், 22 வயசு, ஒரு ஃபைனான்ஸ்ல கலெக்‌ஷன் வேலை பாக்குறான். போன மாசம் ராத்திரி வேலை முடிஞ்சு வரும்போது வண்டி செக்கிங்ல நிறுத்தியிருக்காங்க. ஆர்சி புக் கைல இல்ல, போன்ல இருக்கு காட்டுறேன்னு சொல்லியிருக்கான். அதுக்கு அங்க இருந்த எஸ்ஐ "என்னடா எனக்கே சட்டம் பேசுற"ன்னு ஆரம்பிச்சு, வாய்த்தகராறு ஆகி, ஜீப்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஸ்டேஷன்ல வச்சு எந்த ஊருன்னு கேட்டிருக்காங்க, ஊர் பேரச் சொன்னதும் எந்தத் தெருன்னு கேட்டிருக்காங்க, தெருவச் சொன்னப்புறம்தான் அடியே விழுந்திருக்கு. என்ன பேசினாங்கன்னு இங்க எழுத முடியாது. உள்ளங்கால், தொடை, முதுகு எல்லாம் லத்திதான். எஃப்ஐஆர் கிடையாது, சிஎஸ்ஆர்ங்கிற புகார் ரசீது கூட கிடையாது. விடியக்காலைல சித்தப்பாவ வரச்சொல்லி, ஒரு வெள்ளப் பேப்பர்ல ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு, கூட்டிட்டுப் போன்னு அனுப்பிட்டாங்க.

ஜிஹெச்சுக்கு கூட்டிட்டுப் போனோம். டியூட்டி டாக்டர் எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டதுக்கு பையன் பயத்துல வண்டில இருந்து விழுந்துட்டேன்னான். சித்திதான் கத்தி அழுது, போலீஸ் அடிச்சதுன்னு எழுதுங்கன்னு சொல்லி, அப்புறம் அப்படி எழுதினாங்க. எஸ்பி ஆபீஸ்ல மனு குடுத்தோம். அங்க இருந்து டிஎஸ்பிக்கு போச்சு, டிஎஸ்பி ஆபீஸ்ல இருந்து விசாரிக்கச் சொல்லி எந்த ஸ்டேஷனுக்கு வந்துச்சு தெரியுமா, அதே ஸ்டேஷனுக்கு!

இப்ப ஊர்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு. ஸ்கார்ப்பியோ வண்டி, முன்னாடி மனித உரிமைன்னு சிவப்பு எழுத்துல பெரிய போர்டு, மாநில இணைச் செயலாளராம். 15 ஆயிரம் குடுங்க, பையனுக்கு எங்க ஐடி கார்டும் போட்டுத் தர்றேன், அந்த எஸ்ஐய சஸ்பெண்ட் பண்ண வைக்கிறேன்ங்கிறாரு. சித்தப்பா பாதி மனசா இருக்காரு. இவர் ஆணையத்து ஆளா? ஆணையம்னா கோர்ட்டா? டெல்லிக்கு அனுப்பணுமா சென்னைக்கா? அது சும்மா ரிட்டயர்ட் ஜட்ஜ்களுக்கு பதவி குடுக்குற இடம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, அதுவும் உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வக்கீல்_குமாஸ்தா:

தம்பி, முதல்ல அந்த ஸ்கார்ப்பியோ ஆளுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. அவருக்கும் ஆணையத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சங்கமாவோ ட்ரஸ்டாவோ ஒண்ண பதிவு பண்ணிட்டு, பேர்ல மனித உரிமைன்னு சேத்துக்கிட்டு, கார்டு வித்து பொழைக்கிற கூட்டம் நம்ம ஊர்ல ரொம்ப வருஷமா சுத்துது. எங்களுக்கு கிளை கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாதுன்னு ஆணையமே எத்தனையோ தடவ சொல்லியாச்சு. ஆணையத்துக்கு மனு குடுக்க ஃபீஸே கிடையாது. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம், வக்கீல் கூட கட்டாயம் இல்ல, தமிழ்லயே வெள்ளப் பேப்பர்ல எழுதிப் போடலாம்.

ஆணையம் கோர்ட் இல்ல, ஆனா கோர்ட் மாதிரி சில அதிகாரம் உண்டு. 1993ல மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அதுலதான் டெல்லில தேசிய ஆணையம் வந்துச்சு, தமிழ்நாட்டுக்கு மாநில ஆணையம் 1997ல வந்துச்சு, சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல இருக்கு. உங்க கேஸுக்கு சென்னைதான். டெல்லிக்கு அனுப்பினாலும் மாநிலத்து விஷயம்னா பெரும்பாலும் இங்கயே திருப்பி விட்டுருவாங்க. சம்மன் அனுப்பி ஆள வரவைக்கலாம், ஸ்டேஷன் ரெக்கார்ட கொண்டான்னு கேக்கலாம், சத்தியப்பிரமாணத்துல சாட்சி விசாரிக்கலாம், அதெல்லாம் சிவில் கோர்ட்டுக்கு இருக்குற அதே அதிகாரம். தண்டனை குடுக்க மட்டும் முடியாது. ஜெயில்ல போடு, வேலைய விட்டு தூக்குன்னு உத்தரவு போட முடியாது. இழப்பீடு குடு, கேஸ் போடு, துறை நடவடிக்கை எடுன்னு அரசாங்கத்துக்கு சிபாரிசு பண்ணும். 18வது பிரிவு. சிபாரிசுங்கிற அந்த வார்த்தைலதான் இத்தன வருஷமா சண்ட, அதுக்கு அப்புறம் வர்றேன்.

மனு எழுதும்போது கவனிக்க வேண்டியது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், தாண்டினா 36வது பிரிவ காட்டி எடுக்க மாட்டாங்க. எஸ்பி மனு, சிஎம் செல்லுன்னு அலைஞ்சுட்டு வருஷத்த விட்டவங்க நிறைய பேரு எங்க ஆபீஸ் படியேறி வந்திருக்காங்க. அடுத்தது நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், மனுவுக்கு கீழ நகல் நகல்னு ஜனாதிபதில ஆரம்பிச்சு எல்லா ஆணையத்துக்கும் அனுப்புறது. அத செய்யாதீங்க. ஒரு விஷயம் வேற ஆணையத்துல நிலுவைல இருந்தா தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாதுன்னே சட்டத்துல இருக்கு. அதக் காட்டி ஒருத்தர மாத்தி ஒருத்தர் கை கழுவிருவாங்க. பேர் இல்லாத மொட்டைக் கடுதாசி செல்லாது, பாகப்பிரிவினை தகராறு, டிரான்ஸ்ஃபர் ப்ரமோஷன் மாதிரி சர்வீஸ் மேட்டர், கோர்ட்ல ஏற்கனவே நடக்குற கேஸு இதெல்லாமும் எடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஜிஹெச்ல போட்ட ஏஆர் காப்பிய உடனே வாங்கி வைங்க. ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்ல "போலீஸ் தாக்கியதாகக் கூறுகிறார்"ன்னு ஒரு வரி இருந்தாப் போதும், மத்த எல்லாத்தையும் விட அதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். உங்க சித்தி கத்தினது வீண் போகல. பையன் முதல்ல வண்டில விழுந்தேன்னு சொன்னதையும் மறைக்காம, பயத்துல சொன்னேன்னு மனுவுலயே எழுதிருங்க, இல்லன்னா எதிர்த்தரப்பு வக்கீல் அத வச்சே குறுக்கு விசாரணைல தோலுரிப்பாரு. வெள்ளப் பேப்பர் கையெழுத்தையும் எழுதுங்க.

அப்புறம், ஆர்சிய டிஜிலாக்கர்ல, அதான் அரசாங்கத்தோட ஆவண ஆப்ல காட்டினா செல்லும், 2018லயே மோட்டார் வாகன விதிய மாத்திட்டாங்க. பையன் பேசினது சட்டம்தான்.

முத்துநகர்_ஆள்:

குமாஸ்தா அண்ணாச்சி சொல்லுததெல்லாம் சரிதான், ஆனா தம்பிக்கு ஆசை காட்டாதீங்க. நான் தூத்துக்குடி. 2018 மே 22 இங்க என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்டெர்லைட்ட எதிர்த்து கலெக்டர் ஆபீஸுக்கு போன ஜனங்க மேல துப்பாக்கிச்சூடு, 13 பேரு செத்தாங்க. டெல்லி ஆணையம் கேஸ் எடுத்துச்சு, சொந்த விசாரணைக் குழுவ இங்கயே அனுப்புச்சு, எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்லயே ஃபைல மூடிட்டாங்க. என்ன காரணம்னா, அரசாங்கம் இழப்பீடு குடுத்துருச்சாம், விசாரணைக் கமிஷனும் போட்டாச்சாம், அதனால மேற்கொண்டு ஒண்ணும் வேண்டாமாம். அவங்க குழு எழுதின ரிப்போர்ட்ட கூட வெளிய விடல. மக்கள் கண்காணிப்பகம்ங்கிற மனித உரிமை அமைப்ப நடத்துத ஹென்றி திபேன் ஐகோர்ட் மதுரைக் கிளைக்கு போயி, ஆணையத்து மேலேயே கேஸ் போட வேண்டியதாப் போச்சு. மனித உரிமைக்காரரு மனித உரிமை ஆணையத்து மேல கேஸ் போடுத நெலம! அப்புறமா அரசாங்கம் போட்ட அந்த அருணா ஜெகதீசன் கமிஷன் 2022ல ரிப்போர்ட் குடுத்து, சுட்டதுக்கு நியாயமே இல்ல, 17 போலீஸ்காரங்க மேல நடவடிக்கை எடுங்கன்னு சொல்லுச்சு. அப்ப 2018ல மூடின ஃபைல் என்ன ஃபைலு?

இத நானா சொல்லல, தேசிய ஆணையத் தலைவரா இருந்த எச்.எல்.தத்துவே 2016ல எங்க ஆணையம் பல்லு இல்லாத புலின்னு வாய்விட்டு சொன்னாரு. ஆளு யாரு? சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியா இருந்தவரு. அவரே அப்படிச் சொன்னா நாம என்னத்த சொல்ல.

விசாரணைப் பிரிவுல இருக்குறவங்க யாருன்னு பாருங்க, போலீஸ்ல இருந்து டெபுடேஷன்ல வர்றவங்க. போலீஸ் அடிச்சத போலீஸே விசாரிக்கும். உலகம் பூரா இருக்குற இந்த மாதிரி ஆணையங்களுக்கு தரச்சான்று குடுக்குற சர்வதேசக் கூட்டமைப்பு 2023லயும் 2024லயும் இந்தியாவுக்கு ஏ கிரேட தள்ளி வச்சுச்சு, அவங்க சொன்ன காரணத்துல இதுவும் ஒண்ணு. 1993ல பாரிஸ் கோட்பாடுகள்னு ஐநா சபை ஏத்துக்கிட்டது, அரசாங்கத்துக்கிட்ட சம்பளம் வாங்கினாலும் அரசாங்கத்துக்கு ஆடாம இருக்கணும்ங்கிறது, அதுலதான் இவங்க கோட்ட விடுதாங்க.

மேட்டூர்_டேம்:

முத்துநகர் சொல்றதுல கோவம் நியாயம். ஆனா எங்க பக்கத்துக் கதையையும் கேளுங்க. வீரப்பன் வேட்டைன்னு தமிழ்நாடு கர்நாடகா கூட்டு அதிரடிப்படை மாதேஸ்வரன் மலைல ஒர்க்‌ஷாப்னு ஒரு கொட்டகை வச்சிருந்தாங்க. கொளத்தூர், சத்தி, தாளவாடி பக்கம் மலைக் கிராமத்து சனங்கள அங்க கொண்டு போயி கரண்ட் ஷாக் வச்சது, பொம்பளைங்கள சீரழிச்சது, தடாங்கிற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துல கேஸ் போட்டு மைசூர் ஜெயில்ல வருஷக்கணக்கா வச்சது, இதெல்லாம் அப்ப எந்தப் பேப்பர்லயும் சரியா வரல. அந்த நேரத்துல வீரப்பனப் பத்தி மட்டும்தான் பேச்சு. தேசிய ஆணையம்தான் 1999ல நீதிபதி சதாசிவா, பழைய சிபிஐ டைரக்டர் நரசிம்மன் ரெண்டு பேரையும் வச்சு கமிட்டி போட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாத கெழவிங்க அந்தக் கமிட்டி முன்னாடி நின்னு, இங்க கம்பி வச்சாங்கன்னு காது மடல காட்டி சொன்னாங்க. 2007ல 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் இழப்பீடுன்னு ஆணையம் சொல்லுச்சு.

பண்ணினவங்க ஒருத்தரும் ஜெயிலுக்குப் போகலங்கிறது வேற விஷயம், பதக்கமும் வீட்டு மனையும் வாங்கினாங்க. ஆனா நடந்துச்சா இல்லையாங்கிற கேள்விக்கு அரசாங்க முத்திரையோட நடந்துச்சுன்னு ஒரு பேப்பர் இருக்கே, அது அந்தக் கமிட்டி இல்லன்னா வந்திருக்காது. அதுக்கு முன்னாடி கேஸ் குடுக்கப் போன எடத்துலயெல்லாம் நீ வீரப்பனுக்கு அரிசி குடுத்தவதானன்னு வெரட்டி விட்டாங்க.

குஜராத் கலவரத்துல பேக்கரிக்குள்ள இருந்தவங்கள எரிச்சுக் கொன்ன பெஸ்ட் பேக்கரி கேஸும் அப்படித்தான். கீழ் கோர்ட்டுல எல்லாரும் விடுதலை ஆனப்புறம், 2003ல ஆணையமே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அடுத்த வருஷம் மகாராஷ்டிராவுல மறு விசாரணைக்கு உத்தரவாச்சு. அப்ப இருந்த சட்டமும் இதே சட்டம்தான். தலைவர் நாற்காலில யாரு உக்காந்திருக்காங்கங்கிறதுலதான் இருக்கு எல்லாம். இப்ப இருக்குற தலைவர் ராமசுப்பிரமணியன் நம்ம மன்னார்குடிக்காரரு, மெட்ராஸ் ஐகோர்ட்ல இருந்தவரு.

செல்வா_விழுப்புரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்கார்ப்பியோக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு, "அப்ப நீங்களே பாத்துக்கோங்க, நாளைக்கு கஞ்சா கேஸ் போட்டாங்கன்னா என்கிட்ட வராதீங்க"ன்னு ஒரு மாதிரி சொல்லிட்டுப் போனாரு. இதுவே மிரட்டல் மாதிரிதான் இருக்கு.

ரெண்டு சந்தேகம். ஜாதிய வச்சுத்தான் அடிச்சாங்கங்கிறத எஸ்சி ஆணையத்துக்கு எழுதணுமா, மனித உரிமை ஆணையத்துக்கா? குமாஸ்தா அண்ணா ரெண்டுக்கும் போடாதன்னு சொல்றாரு, அப்ப எது? இன்னொண்ணு, ஸ்டேஷன்ல சிசிடிவி இருக்கு, பையனே பாத்திருக்கான். அத எப்படிக் கேக்குறது?

சந்திரா_டீச்சர்:

செல்வா, உங்க முதல் சந்தேகத்துக்கு நான் சொல்றேன், நாங்க சில பேர் சேந்து ஊர்ல இந்த வேலைய பாத்துக்கிட்டு வர்றோம்.

மனித உரிமைன்னா என்னன்னு அந்த 1993 சட்டத்துலயே சொல்லியிருக்கு, உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் சம்பந்தப்பட்ட உரிமைகள்னு. அதனால ஜாதி பாத்து அடிச்சதும் அதுக்குள்ள வரும், மனுவுல எந்தத் தெருன்னு கேட்டத தேதி நேரத்தோட எழுதுங்க. எஸ்சி ஆணையம் அரசியல் சட்டம் 338ல வர்றது, அதுக்கும் சம்மன் அதிகாரம் உண்டு. 2021ல மாநிலத்துக்குன்னு தனியா ஒரு எஸ்சி எஸ்டி ஆணையமும் சட்டம் போட்டு கொண்டுவந்தாங்க. என் யோசனை, அடிச்சதுக்கு இழப்பீடும் நடவடிக்கையும் கேட்டு மனித உரிமை ஆணையத்துக்குப் போங்க, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல எஃப்ஐஆர் போடணும்ங்கிறத தனியா எஸ்பிகிட்ட எழுதிக் குடுங்க, அவர் போடலன்னா கோர்ட்டு மூலமா போங்க. அந்தச் சட்டத்துல அரசு நிவாரணத் தொகை தனியா உண்டு. எஃப்ஐஆர் போட மறுக்குறாங்கங்கிற பிரச்சினையோட எஸ்சி ஆணையத்துக்குப் போனா, அது வேற மனு. ஒரே மனுவ ரெண்டு கவர்ல போடாதீங்கன்னுதான் குமாஸ்தா சார் சொல்றாரு.

எஸ்சி எஸ்டி ஆணையத்த லேசா நினைக்காதீங்க. தர்மபுரி மாவட்டத்து மலைவாழ் மக்கள் கிராமம் வாச்சாத்தில 1992 ஜூன்ல வனத்துறையும் போலீசும் ஊரையே சூறையாடி பொண்ணுங்கள சீரழிச்சாங்க, அத அரசாங்கம் பொய்யுன்னு சாதிச்சப்ப, அந்த ஆணையத்து அதிகாரி பாமதி அம்மா நேரா ஊருக்குப் போயி, இடிஞ்ச வீட்டையும் கிணத்துல கொட்டின எண்ணெயையும் பாத்து குடுத்த ரிப்போர்ட்தான் பின்னால கோர்ட்ல பேசுச்சு. 2011ல குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை ஆச்சு, 2023ல ஐகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு. ஒரு அதிகாரி ஒழுங்கா ஒரு நாள் வேலை பாத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு எனக்கு அதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

எனக்கு வருத்தம் வேற ஒண்ணு. அரசு ஊழியர் பண்ணினா, இல்ல அவர் தடுக்காம விட்டாத்தான் மனித உரிமை ஆணையம் தலையிடும். வீட்டுக்காரர் ஜாதி கேட்டு, கறி சாப்பிடுவீங்களான்னு கேட்டு, பேரப் பாத்து முஸ்லிம்னு தெரிஞ்சதும் வீடு இல்லன்னு சொன்னா எங்க போறது? கடை, ஓட்டல், கிணறு இதுக்கெல்லாம் அரசியல் சட்டம் 15(2) இருக்கு, வாடகை வீட்டுக்கும் தனியார் கம்பெனி வேலைக்கும் பொதுவா ஒரு பாகுபாடு தடுப்புச் சட்டமே நம்ம நாட்டுல இல்ல. முஸ்லிம்களோட நிலைமைய ஆராய அரசாங்கம் போட்ட சச்சார் கமிட்டி 2006லயே சம வாய்ப்பு ஆணையம் ஒண்ணு வேணும்னு எழுதுச்சு. இன்னும் வரல. பெண்களுக்கு ஒண்ணு, குழந்தைகளுக்கு ஒண்ணு, சிறுபான்மையினருக்கு ஒண்ணு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கமிஷனர்னு ஆளுக்கொரு ஆபீஸ். இவங்கள்ல பல தலைவருங்க தேசிய மனித உரிமை ஆணையத்துல பேருக்கு உறுப்பினர், 2019 திருத்தத்துல இன்னும் மூணு பேரச் சேத்தாங்க. ஒரு தலித் பொண்ணு, மாற்றுத்திறனாளியாவும் இருந்தா எந்தக் கதவத் தட்டுறதுன்னு அந்த ஆபீஸ்காரங்களுக்கே தெரியாது.

லண்டன்_தோசை:

டீச்சர் கேட்டதுக்காக எழுதுறேன். இங்க பிரிட்டன்ல முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு, இனப் பாகுபாட்டுக்கு ஒண்ணு, ஆண் பெண் சமத்துவத்துக்கு ஒண்ணு, ஊனமுற்றவங்களுக்கு ஒண்ணு. மூணையும் கலைச்சு 2007ல சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணையம்னு ஒண்ணா ஆக்கினாங்க. 2010ல சமத்துவச் சட்டம் வந்துச்சு, வயசு, இனம், மதம், ஊனம், பாலினம்னு மொத்தம் ஒம்பது அடிப்படைல பாகுபாடு கூடாது, வேலை, வாடகை வீடு, கடை எல்லாத்துக்கும் சேத்து.

ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இங்க ஆணையத்துக்கு மனு போட்டு தீர்ப்பு வாங்க முடியாது. தனி ஆள் புகார அவங்க விசாரிக்கிறதே இல்ல. வேலைல பிரச்சினைன்னா எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல், வீட்டு ஓனர்னா கவுன்டி கோர்ட், போலீஸ் அடிச்சா அதுக்கு தனியா ஒரு ஆபீஸ். ஆணையம் பெரிய மீன மட்டும்தான் பிடிக்கும். விண்ட்ரஷ் விவகாரத்துல, அதான் கரீபியன்ல இருந்து வந்து அம்பது அறுபது வருஷம் இங்கயே வாழ்ந்தவங்கள பேப்பர் இல்லன்னு துரத்தினாங்களே, அதுல உள்துறையே சமத்துவக் கடமைய மீறிருச்சுன்னு 2020ல சொன்னாங்க. அதே வருஷம் லேபர் கட்சி மேல யூத வெறுப்பு விசாரணை நடத்தி சட்டத்த மீறியிருக்குன்னாங்க. ஒரு கட்சியவே விசாரிக்கிற தைரியம் நம்ம ஊர் ஆணையத்துக்கு வருமான்னு யோசிச்சுப் பாருங்க.

ஜாதின்னு வந்தா இவங்களும் வழுக்குறாங்க. 2013ல ஜாதியையும் சமத்துவச் சட்டத்துல சேருன்னு பார்லிமென்ட் சொல்லுச்சு, 2018ல அரசாங்கம் வேண்டாம், கோர்ட் தீர்ப்புங்களே போதும்னு பின்வாங்கிருச்சு. இங்க நம்மாளுங்கள்ல ஒரு கூட்டம் அதுக்கு எதிரா எவ்ளோ வேகமா கையெழுத்து வாங்குச்சுன்னு கண்ணால பாத்தேன். எந்தத் தெருங்கிற கேள்வி ஃப்ளைட் ஏறியும் வருது டீச்சர்.

வக்கீல்_குமாஸ்தா:

செல்வா, சிசிடிவி விஷயம் அவசரம், இத முதல்ல செய்ங்க. 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம் எல்லா இடத்துலயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், எந்த நிலைலயும் ஒரு வருஷத்துக்கு குறையக் கூடாதுன்னு சொல்லிருச்சு. ஸ்டேஷன்ல அடிபட்டவங்க மனித உரிமை ஆணையத்துக்குப் போனா, ஆணையம் அந்தப் பதிவ கேட்டு வாங்கலாம்னும் அதே தீர்ப்புல இருக்கு. இன்னிக்கே எஸ்பிக்கு ஒரு மனு, இன்ன தேதி இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும் பதிவ அழிக்காம வைங்கன்னு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி டெலிவரி ஆனதுக்கு ப்ரூஃப் எடுத்து வைங்க. அதே கோரிக்கைய ஆணைய மனுவுலயும் போடுங்க. அப்பாவும் மகனும் ஸ்டேஷன்ல அடிபட்டு செத்தாங்களே, அந்த சாத்தான்குளத்துல 2020ல என்ன ஆச்சு, ஹார்ட் டிஸ்க்ல இடம் இருந்தும் அன்னன்னிக்கு தானா அழியிற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்கன்னு மாஜிஸ்ட்ரேட் ரிப்போர்ட்ல வந்துச்சு. கேமரா ரிப்பேர்னு பதில் வந்தாலும் பரவால்ல, ரிப்பேர்னு எழுத்துல வாங்குங்க, எந்த மாசத்துல இருந்து ரிப்பேர், யாருக்கு புகார் எழுதினீங்கன்னு அடுத்த கேள்வி வைக்கலாம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போடுற ஸ்டேஷன்லயெல்லாம் கேமராவும் கரெக்டா அன்னிக்குத்தான் ரிப்பேர் ஆகும்.

சிபாரிசு கதைக்கு வர்றேன்னு சொன்னேன்ல. நான் பாத்தவரைக்கும் மாநில ஆணையத்து உத்தரவு இப்படித்தான் வரும்: மனுதாரருக்கு அரசு இவ்வளவு இழப்பீடு குடுக்கணும், அத அந்த அதிகாரி சம்பளத்துல பிடிச்சுக்கணும், துறை நடவடிக்கை எடுக்கணும். தொகை பெரிசா இருக்காது, 50 ஆயிரம், ஒரு லட்சம், கொடுமையா இருந்தா கூட. உடனே அந்த அதிகாரி ஐகோர்ட்டுக்கு ஓடுவாரு, இது வெறும் சிபாரிசு, என்ன கட்டுப்படுத்தாதுன்னு. ஒரு பெஞ்சு கட்டுப்படுத்தும்னும் இன்னொரு பெஞ்சு கட்டுப்படுத்தாதுன்னும் மாத்தி மாத்தி சொல்லிக்கிட்டு இருந்துச்சு. 2021 பிப்ரவரி 5ம் தேதி மூணு நீதிபதிகள் ஃபுல் பெஞ்சு, 18வது பிரிவு சிபாரிசு அரசாங்கத்த கட்டுப்படுத்தும், நிறைவேத்தித்தான் ஆகணும், பிடிக்கலன்னா ஐகோர்ட்ல ரிட் மனு போட்டுக்கோன்னு முடிச்சு வச்சுருச்சு. அதனால முத்துநகர் அண்ணாச்சி சொல்ற பல்லில்லாத புலிக்கு, மெட்ராஸ் ஐகோர்ட் எல்லைக்குள்ள ரெண்டு பல்லு கட்டி விட்டிருக்காங்க.

விசாரணை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கோங்க. முதல்ல எஸ்பிகிட்ட ரிப்போர்ட் கேப்பாங்க. அதுல அப்படி ஒரு சம்பவமே நடக்கல, மனுதாரர் குடிபோதைல இருந்தாருன்னு வரும், பயப்படாதீங்க, எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கும். அதுக்கு உங்க பதில எழுத்துல போடுங்க, போடாம விட்டீங்கன்னா ஃபைல் அங்கயே மூடிரும், பாதி மனு சாகுறது இந்த இடத்துலதான். அப்புறம் சம்மன் வரும், பையன்தான் முதல் சாட்சி. அந்த எஸ்ஐ யூனிஃபார்ம் இல்லாம, வக்கீலோட வந்து எதிர்ல நிப்பாரு. சில சமயம் ஆணையமே மாவட்டத்துக்கு கேம்ப் வரும், அப்ப சென்னை அலைச்சல் மிச்சம். வருஷக்கணக்குல இழுக்கும், நடுவுல ஸ்டேஷன்ல இருந்து சமாதானம் பேச ஆள் வரும். பேச வர்றவங்க பேரையும் தேதியையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. கஞ்சா கேஸ்னு அந்த ஸ்கார்ப்பியோ ஆளு சொன்னதையும் சேத்து எழுதுங்க, மனுவுலயே பாதுகாப்பு கேட்டு ஒரு பாரா போடுங்க.

முத்துநகர்_ஆள்:

ரெண்டு பல்லுன்னு சொன்னதுக்கு சிரிச்சுட்டேன் அண்ணாச்சி. சரி, தம்பி மனு போடட்டும். செல்வா, ஆனா அந்த டிஎஸ்பி ஆபீஸ்ல இருந்து அதே ஸ்டேஷனுக்கு அனுப்பின லெட்டர் நகல் இருக்கா? இல்லன்னா ஆர்டிஐல கேளு, 10 ரூவாதான். குற்றம் சாட்டப்பட்டவன் கைலயே விசாரணைய குடுத்தத காட்டுனா ஆணையம் தன்னோட விசாரணைப் பிரிவ வச்சு பாக்கணும்னு நீ கேக்கலாம். அங்க ஐஜி ரேங்க் அதிகாரிக்கு கீழ தனி ஆளுங்க உண்டு. அவங்களும் போலீஸ்தான், இருந்தாலும் உங்க மாவட்டத்துப் போலீஸ் இல்லல்ல.

செல்வா_விழுப்புரம்:

லெட்டர் நகல் இல்லண்ணா, நம்பர் மட்டும் சித்தப்பா போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்காரு. நாளைக்கு ஆர்டிஐ போட்டுர்றேன். ஏஆர் காப்பி கேட்டதுக்கு ஜிஹெச்ல ஸ்டேஷன்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வான்னு சொல்றாங்க, அது சரியா?

வக்கீல்_குமாஸ்தா:

நோயாளியோட ரெக்கார்ட் நோயாளிக்கு குடுக்கணும், அதுக்கு எதுக்கு ஸ்டேஷன் லெட்டர். பையன் பேர்லயே ஆர்எம்ஓவுக்கு, அதான் ஜிஹெச் நிலைய மருத்துவ அதிகாரிக்கு எழுதிக் குடுத்து, ஆபீஸ்ல சீல் வச்ச நகல் வாங்கிட்டு வாங்க. குடுக்கலன்னாலும் கேட்டதுக்கு அந்த சீல் சாட்சி. மனு டிராஃப்ட் எழுதினதும் பேர், ஊர் எல்லாத்தையும் அழிச்சுட்டு இங்க போடுங்க, பாத்து திருத்தித் தர்றேன்.